ஆண்டுக்கு ஒரு சுழற்சி கூடுதல்

'பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றி வருகிறது' என்னும் வாக்கியம் தமிழ்வழியில் படித்த எவருக்கும் மனப்பாடமாக இருக்கும். அவ்வாக்கியத்தில் இருவேறு இயக்கங்களுக்கும் 'சுற்று' என்ற ஒரே வினை ஆளப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே வகை அசைவின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும்தான் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. உண்மையில், பம்பரம் தன் ஆணியின் மேல் நின்று சுழல்வதற்கும் செக்குமாடு செக்கைச் சுற்றி நடப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ அவ்வளவு வேறுபாடு இவ்விரண்டுக்கும் உண்டு. ஒரு கோள் தன் உடலுக்குள்ளேயே செல்லும் ஓர் அச்சைப் பற்றித் திரும்புவது தற்சுழற்சி. தனக்கு வெளியே உள்ள சூரியனை மையமாகக் கொண்டு ஒரு பாதையில் போய்த் தொடங்கிய இடத்துக்கே மீள்வது வலம்வருதல். முன்னதில் கோளின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. நிலநடுக்கோட்டில் இருக்கும் ஒரு கல் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்ல, துருவத்தில் இருக்கும் கல் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. பின்னதில் கோள் முழுவதும் ஒன்றாகவே நகர்கிறது. பூமியைப் பொறுத்தவரை அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

இவ்வளவையும் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. அவை பெரும்பாலும் விட்டுவிடுவது, இவ்விரு இயக்கங்களும் ஒன்றோடொன்று கூடும்போது என்ன நேர்கிறது என்பதை. 'நாள்' என்று எல்லோரும் அழைக்கும் கால அளவு தற்சுழற்சியால் மட்டும் பிறப்பதில்லை. அதில் வலம்வருதலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளத் தொலைநோக்கி வேண்டியதில்லை, ஒரு கோயில் பிரகாரமே போதும்.

கிழக்கு நோக்கிய சன்னிதியைச் சுற்றி வலம் வரும் ஒருவர் முதலில் தெற்கு நோக்கி நடக்கிறார், பிறகு மேற்கு, வடக்கு, கிழக்கு என்று திசை மாறித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறார். வழி நெடுகக் கருவறை அவருடைய வலக்கைப் பக்கத்திலேயே இருந்தது; ஆகவே அவர் எங்கும் நின்று சுழலவில்லை என்றே அவரும் நினைப்பார், பார்ப்பவரும் நினைப்பர். ஆனால் அவருடைய முகம் நான்கு திசைகளையும் ஒருமுறை பார்த்து முடித்திருக்கிறது, அதாவது தம்மை அறியாமலேயே அவர் ஒரு முழுச் சுழற்சியை முடித்திருக்கிறார். நிலவு செய்வதும் இதுவே. அது பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் சுழலுவதே இல்லை என்று பலரும் கருதுகின்றனர், ஆனால் 27.32 நாட்களில் பூமியை ஒருமுறை வலம் வரும் அது, அதே 27.32 நாட்களில் தன் அச்சிலும் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. சுழலாமல் வலம் வந்தால்தான் நாம் அதன் முதுகையும் பார்த்திருப்போம்.

இனி அதே பிரகாரத்தில் ஒருவர், சன்னிதி முன்னே நின்றபடி செய்யும் ஆத்மப் பிரதட்சணத்தையும் வலத்தையும் ஒன்றாக்கி, நடந்துகொண்டே சுழல்வதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வலத்துக்குள் அவர் முகம் மேற்குத் திசையை நான்கு முறை சந்திக்கும்படி, நடக்கும் பக்கமாகவே நான்கு முறை சுழன்றால், கருவறை அவர் முகத்துக்கு நேரே வருவது மூன்று முறைதான். எதிர்ப்பக்கமாக நான்கு முறை சுழன்றாலோ, அது ஐந்து முறை நேரே வரும். வலம் வருவதாலேயே கருவறை இருக்கும் திசை ஒருமுறை முழுதாக மாறிவிடுகிறது என்பதும், சுழற்சிக் கணக்கில் அந்த ஒன்று கழிந்தோ கூடியோ போகிறது என்பதுமே இதற்குக் காரணம். கருவறையின் இடத்தில் சூரியனை வைத்தால் கோள்களின் நாட்கணக்கு முழுவதும் இந்த ஒரே விதியில் அடங்கிவிடும்: ஓராண்டில் வரும் சூரிய உதயங்களின் எண்ணிக்கை, சுழலும் திசையும் வலம் வரும் திசையும் ஒன்றானால் சுழற்சிகளை விட ஒன்று குறைவு, எதிரானால் ஒன்று அதிகம்.

பூமி இரண்டையும் ஒரே திசையில் செய்கிறது. ஆகவே ஓராண்டில் 365.24 முறை சூரியன் உதிக்க, பூமி 366.24 முறை சுழல வேண்டியிருக்கிறது. ஒரு முழுச் சுழற்சிக்கு ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 நொடி. ஒரு விண்மீன் உச்சியைக் கடந்து மறுபடி அதே உச்சிக்கு வர இவ்வளவு நேரம் ஆவதால் இதற்கு விண்மீன் நாள் என்று பெயர். அதற்குள் பூமி தன் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி உச்சியில் காண இன்னும் 3 நிமிடம் 56 நொடி கூடுதலாகச் சுழல வேண்டும். அப்படிக் கிடைப்பதே 24 மணி நேரச் சூரிய நாள். 'பூமி ஒருமுறை சுழல 24 மணி நேரம்' என்ற வழக்கமான வாக்கியம் அந்த நான்கு நிமிடங்களை விட்டுவிடுகிறது. தோராயத்துக்காக விட்டால் குற்றமில்லை, ஆனால் பூமி சூரியனைச் சுற்றி நகர்வதன் தடயமே அந்த நான்கு நிமிடங்களில்தான் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைத் துல்லியமாக எண்ணில் எழுதிவைத்தவர்களுள் ஆரியபட்டர் முதன்மையானவர். பொ.ஆ. 499-ஐ ஒட்டி இயற்றப்பட்ட 'ஆரியபட்டீயம்', 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்று கூறுகிறது. இவ்வெண்ணிலிருந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைக்கும் 157,79,17,500 என்பதே அந்த யுகத்தின் நாட்களின் எண்ணிக்கை. ஆண்டுக்கு ஒன்று கழிய வேண்டும் என்ற விதி அங்கே அப்படியே நிற்கிறது. இவ்விரு எண்களையும் வகுத்துப் பார்த்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி வருகிறது. தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் இல்லாத காலத்தில் இன்றைய அளவோடு நொடிக்கணக்கில் ஒத்துப்போகும் எண் இது, எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்காத எண். ஆயினும் ஆரியபட்டர் பூமிக்குக் கொடுத்தது தற்சுழற்சி மட்டுமே. அவருடைய அமைப்பில் பூமி மையத்தில் இருந்தபடியே சுழல்கிறது, சூரியன்தான் ஆண்டுக்கு ஒருமுறை அதை வலம் வருகிறது. ஓர் இயக்கத்தை ஏற்றுக்கொண்டவர் மற்றதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பின்வந்த வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் தற்சுழற்சியையும் மறுத்தனர். பூமி சுழன்றால் பறந்து போன பறவைகள் தங்கள் கூட்டுக்குத் திரும்புவது எப்படி என்பது வராகமிகிரர் எழுப்பிய கேள்வி. பூமியோடு காற்றும் பறவையும் சேர்ந்தே நகர்கின்றன என்பதே அதற்கு விடை.

அதே விதியைப் புதனுக்கும் வெள்ளிக்கும் பொருத்தினால் விசித்திரமான விடைகள் வருகின்றன. புதன் 88 நாட்களில் சூரியனை வலம் வருகிறது. நிலவு பூமிக்குக் காட்டுவதைப் போலவே புதனும் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1889-இல் அறிவித்தார். புதனைத் தெளிவாகக் காணக்கூடிய காலங்களில் பெரும்பாலும் அதன் அதே பக்கமே பார்வைக்கு வந்துகொண்டிருந்தது அவரை ஏமாற்றியது. முக்கால் நூற்றாண்டு அனைவரையும் ஏமாற்றியது. 1965-இல் கோர்டன் பெட்டெங்கில், ரோல்ஃப் டைஸ் ஆகிய இருவரும் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து புதன் மேல் ரேடார் அலைகளைப் பாய்ச்சி, திரும்பி வந்த அலைகளின் அதிர்வெண் பரவலைக் கொண்டு, அது ஒருமுறை சுழல ஏறத்தாழ 59 நாட்களே ஆகின்றன என்று கண்டனர். அந்த எண், 88-இல் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்பதைக் கவனித்தவர் பதுவா நகரத்துக் கணிதவியலாளர் ஜுசெப்பே கொலம்போ. 2018-இல் புதனை நோக்கி ஏவப்பட்ட பெபிகொலம்போ விண்கலம் அவருடைய பெயரையே தாங்கியிருக்கிறது. ஆக, இரண்டு ஆண்டுகளில் மூன்று சுழற்சி, அதாவது ஓராண்டில் ஒன்றரைச் சுழற்சி. அதில் ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது அரை நாள். புதனில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே இரண்டு புதன் ஆண்டுகள், பூமிக் கணக்கில் 176 நாட்கள், கழிந்துவிடுகின்றன.

புதனின் பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம் என்பதால் இன்னொன்றும் நேர்கிறது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போது அது வலம் வரும் கோண வேகம், மாறாத அதன் சுழற்சிக் கோண வேகத்தை மிஞ்சிவிடுகிறது. ஏறத்தாழ எட்டு பூமி நாட்களுக்குப் புதனின் வானத்தில் சூரியன் நின்று, பின்னோக்கி நகர்ந்து, பிறகே பழைய போக்கைத் தொடர்கிறது. சரியான இடத்தில் நிற்பவர் ஒரே காலையில் சூரியன் உதித்து, மறைந்து, மீண்டும் உதிப்பதைக் காண முடியும். தற்சுழற்சி, வலம்வருதல் என்ற இரண்டும் வானில் வெளிப்படையாகப் போட்டியிட்டு, வலம்வருதல் சிறிது நேரம் வெல்லும் காட்சி இது.

வெள்ளி எதிர்த்திசையில் சுழல்கிறது. அங்கே சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. அது ஒருமுறை சுழல 243 நாட்களும் சூரியனை வலம் வர 225 நாட்களும் ஆவதைக் கொண்டு, 'வெள்ளியில் ஒரு நாள் ஓராண்டை விட நீளம்' என்று அறிவியல் துணுக்குகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. விண்மீன் நாளைக் கொண்டால் அது சரி. ஆனால் நாள் என்றவுடன் படிப்பவர் நினைப்பது காலையிலிருந்து மறுநாள் காலை வரையிலான காலத்தை; அது வெள்ளியில் 117 பூமி நாட்கள்தான், ஓராண்டில் பாதியை விடச் சற்றே அதிகம். எதிர்த்திசைச் சுழற்சியில் வலம்வருதல் சூரியனை விரைவாகவே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. இந்தத் துணுக்கை எழுதுபவர்கள் எந்த நாளைச் சொல்கிறோம் என்று ஒரு சொல் சேர்த்தால், வாசகர் ஏமாறாமல் இருப்பதோடு சுவை இன்னும் கூடும்.

இவ்விரு இயக்கங்களுக்கும் இடையிலான ஆழமான வேறுபாடு, அவற்றை ஆள்வது எது என்பதில் இருக்கிறது. வலம்வருதலுக்குச் சட்டம் உண்டு. சூரியனிலிருந்து ஒரு கோளின் சராசரித் தொலைவைச் சொன்னால் அதன் ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி புதனின் 88 நாட்களுக்கும் நெப்டியூனின் 165 ஆண்டுகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. தற்சுழற்சிக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. பூமியைவிட ஒன்றரை மடங்கு தொலைவிலுள்ள செவ்வாய் பூமியைப் போலவே 24 மணி 37 நிமிடத்தில் ஒருமுறை சுழல, எல்லாவற்றிலும் பெரிய வியாழன் பத்து மணி நேரம் முடிவதற்குள் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. அந்த வேகத்தில் அதன் நடுப்பகுதி பிதுங்கி, நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 4,600 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. சுழற்சியை நேரில் அளந்தே தீர வேண்டும், அளப்பதும் எப்போதும் எளிதன்று. பிடித்து நோக்க ஒரு மலையோ பள்ளமோ இல்லாத சனியின் சுழற்சி நேரம், அதன் வளையங்களில் தோன்றும் அலைகளைக் காசினி விண்கலம் பதிவு செய்த தரவுகளிலிருந்து 2019-இல்தான் 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணக்கிடப்பட்டது. சனியின் ஆண்டு 29.5 பூமி ஆண்டுகள் என்பதோ கண்ணால் வானம் பார்த்த பழங்காலத்தவருக்கே தெரிந்திருந்தது. பிற விண்மீன்களைச் சுற்றும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் இன்று அறியப்பட்டுள்ளன, அவற்றில் மிகப் பலவற்றின் ஆண்டு நன்கு தெரியும். தற்சுழற்சி அளக்கப்பட்டவையோ மிகச் சிலவே. பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனின் ஒரு கோள் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் சுழல்கிறது என்று 2014-இல் கண்டதே அந்த வகையில் முதல் அளவீடு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பிறப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சுழன்றுகொண்டிருந்த வாயுவும் தூசும் கலந்த ஒரு தட்டிலிருந்து கோள்கள் உருவானதால், எல்லாக் கோள்களும் அத்தட்டு சுழன்ற திசையிலேயே, ஏறக்குறைய ஒரே தளத்தில், இன்றும் வலம் வருகின்றன. தற்சுழற்சியிலும் அந்தப் பழைய திசையின் தடம் பெரும்பாலான கோள்களில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு கோளும் தான் வளர்ந்த காலத்தில் வாங்கிய மோதல்கள் அதை வெகுவாக மாற்றிவிட்டன. பெருமோதலால் பக்கவாட்டில் சாய்ந்ததாகக் கருதப்படும் யுரேனஸின் அச்சு 98 பாகை சரிந்திருக்கிறது. அது தன் பாதையில் உருள்வதுபோல் செல்வதால் 84 ஆண்டுகள் நீளும் அதன் ஆண்டில் ஒவ்வொரு துருவமும் 42 ஆண்டுகள் வெயிலிலும் 42 ஆண்டுகள் இருளிலும் இருக்கிறது.

இரண்டையும் மெய்ப்பித்த விதமும் ஒன்றன்று. தற்சுழற்சியை மூடிய அறைக்குள் இருந்தே காட்ட முடியும்: 1851-இல் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டியபோது, ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்புவதைக் கூடியிருந்தவர்கள் கண்ணால் கண்டனர். பாரிஸில் அத்தளம் ஒருமுறை முழுதாகத் திரும்ப 32 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கன்னியாகுமரியில் அதே ஊசலுக்கு ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். வலம்வருதலை அப்படி அறைக்குள் காட்ட வழியில்லை. பூமியும் அதன் மேலுள்ள அனைத்தும் சூரியனின் ஈர்ப்பில் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால் நொடிக்கு 30 கிலோமீட்டர் என்ற அந்த வேகம் உடலுக்குத் தெரிவதில்லை. அதைக் காண விண்மீன்களைத்தான் நோக்க வேண்டும். மழையில் வேகமாக நடப்பவர் குடையைச் சற்று முன்னே சாய்த்துப் பிடிப்பதுபோல, நகரும் பூமியிலிருந்து விண்மீன் ஒளியைப் பிடிக்கத் தொலைநோக்கியையும் இம்மியளவு சாய்க்க வேண்டியிருக்கிறது என்றும், அந்தச் சாய்வின் திசை ஆண்டுக்கு ஒருமுறை வட்டமிட்டு வருகிறது என்றும் ஜேம்ஸ் பிராட்லி 1728-இல் கண்டறிந்ததே பூமி சூரியனை வலம் வருவதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று.

இவ்வளவு வேறுபட்ட இவ்விரு இயக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் ஓதம், அதாவது ஈர்ப்பால் கடலும் நிலமும் ஏறி இறங்குவது. நிலவு எழுப்பும் ஓதத்தின் உராய்வு பூமியின் சுழற்சியை மெல்லப் பிடித்து இழுக்கிறது. பூமி இழக்கும் சுழற்சி நிலவின் பாதைக்குப் போய்ச் சேர, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. நூறு ஆண்டுக்கு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவில் நாள் நீளும் இந்த மாற்றம், ஆயுட்காலத்தில் எவருக்கும் தெரியாது, பவளப்பாறைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பவள உயிரி நாளுக்கு ஒன்றாக மெல்லிய சுண்ணாம்பு வரியை இட்டு வளர்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை அந்த வரிகள் நெருங்கியும் விலகியும் ஒரு பட்டையாகத் தெரிகின்றன. 1963-இல் ஜான் வெல்ஸ், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியக் காலப் பவளப் புதைபடிவங்களை உருப்பெருக்கியில் வைத்து ஓராண்டுப் பட்டைக்குள் இருந்த வரிகளை எண்ணிப் பார்த்தபோது, 365-க்குப் பதில் 400-ஐ ஒட்டிய எண்ணிக்கை கிடைத்தது. ஆண்டின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றே. நாள்தான் அன்று 22 மணி நேரமாகச் சிறுத்திருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட இயக்கம் நிலைத்திருக்க, வரலாற்றுக்கு உட்பட்ட இயக்கம் தேய்ந்து வந்திருப்பதைக் கல்லில் எண்ணிப் பார்க்க முடிகிறது.

வலம்வருதலிலும் ஒரு சீரின்மை உண்டு, தமிழர் நாட்காட்டியிலேயே அது பதிந்திருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது அது விரைந்து செல்வதால் சூரியன் ஓர் இராசியைக் கடக்க ஆகும் காலம் குறைந்து, மார்கழி பெரும்பாலும் 29 நாட்களில் முடிந்துவிடுகிறது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பூமி மெதுவாகச் செல்ல, ஆனி 31 அல்லது 32 நாட்கள் நீள்கிறது. தினசரித் தாளைக் கிழிக்கும் யாரும் இதை நீள்வட்டப் பாதையின் விளைவு என்று நினைப்பதில்லை, ஆனால் அதுதான் காரணம்.

அந்த நான்கு நிமிடங்களைக் கண்ணால் பார்க்க விரும்பும் வாசகர், கார்த்திகை மாதத்து முன்னிரவில் மொட்டைமாடிக்குச் சென்று, கிழக்கே எழும் கார்த்திகை மீன்கூட்டம் எதிர்வீட்டுச் சுவரின் விளிம்பைத் தாண்டும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளட்டும். பதினைந்து நாள் கழித்து அதே இடத்தில் நின்று பார்த்தால், அது 59 நிமிடம் முன்னதாகவே சுவரைத் தாண்டியிருக்கும். நாளுக்கு 3 நிமிடம் 56 நொடியாகச் சேர்ந்துகொண்டே போகும் இந்த முந்தல், அடுத்த கார்த்திகைக்குள் சரியாக 24 மணி நேரமாகிவிடும்.